புள்ளியில் ஆரம்பிக்கும் ஃபோல்டர்கள்

மொண்டெவிடியோ
2022 பிப்ரவரி 13

நேரியோ,

மேக் கிளம்பிவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் வாஷிங்டனின் மைத்துனர் ஏதோ காரியமாகக் கொலம்பியாவுக்குப் போகிறார், எல்லையில் இருக்கும் குக்குதா வரை கொண்டுவந்து தருவார். அங்கிருந்து எல்லைப் பாலத்தை நடந்து கடந்து மெரிதாவுக்குக் கொண்டுவருவது உங்கள் தம்பி பாடு. வெள்ளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். சோப்புத்தூள் பைக்குள் போட்டுக்கொண்டு வரட்டும்.

முகம் சுளிக்கிறீர்கள் என்று இங்கிருந்தே தெரிகிறது. இருபது வருடமாக லினக்ஸைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்று சபதம் போட்ட ஆள் நீங்கள். என்ன செய்ய, இந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் மேக்தான். முதலில் ஆறு மாத ஒப்பந்தம். வேலை பிடித்துப்போனால் இங்கேயே வரச் சொல்லி விசாவுக்கு எழுதுவார்கள். நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்ற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். போன தடவை எடுத்து நான்கு மாதம் கடிதம் இல்லாமல் கிடந்தோம்.

கையில் வந்ததும் முதலில் கேப்ஸ் லாக் விசையைக் கன்ட்ரோலாக மாற்றிவிடுங்கள், செட்டிங்ஸிலேயே இருக்கிறது. காப்பி, பேஸ்ட் எல்லாம் இங்கே கட்டைவிரல் வேலை, ஸ்பேஸ் பார் பக்கத்தில் இருக்கும் விசை. ஒரு வாரம் கை தடுமாறும், பிறகு பழையதுதான் அசிங்கமாகத் தெரியும். ஸ்க்ரோல் தலைகீழாக ஓடும், அதையும் திருப்பிவிடுங்கள். ஹோம்ப்ரூ போட்டுக்கொண்டால் வேண்டிய மென்பொருளை எல்லாம் டெர்மினலிலிருந்தே இறக்கலாம், லினக்ஸில் செய்வது மாதிரியே. ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைக்க ரெக்டாங்கிள் என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் இரண்டாம் நாளே மேக்கைத் தூக்கி ஆற்றில் போட்டுவிடுவீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய லேப்டாப்பிலிருந்து மாற்றும்போது, புள்ளியில் ஆரம்பிக்கும் பெயருள்ள ஃபோல்டர்கள் எதையும் கொண்டுவராதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து கிடந்து, ஒவ்வொரு மென்பொருளும் தன் பழக்கவழக்கத்தை எழுதிவைக்கும் இடங்கள், அவற்றைத்தான் சொல்கிறேன். நான் மாறியபோது அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து இரண்டு வாரம் அவதிப்பட்டேன். வாஷிங்டன் பார்த்துவிட்டுச் சிரித்தார். “வீடு மாறினா துணிமணியைக் கொண்டுவா. மூட்டைப்பூச்சிய ஏன் சுமந்துட்டு வர்றே?”

அரெலிஸின் பெட்டியை, அவள் வீடியோக்களைப் பூட்டிவைத்த அந்த ஃபைலை, பத்திரமாக மாற்றுங்கள். பூட்டச் சொன்னது நான்தான், மறக்கவில்லை. குழந்தை போன அந்த நவம்பருக்குப் பிறகு சோறு தண்ணி இல்லாமல் அவள் வீடியோக்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். “எனக்குத் திறக்கத் தெரியாத மாதிரி பூட்டுங்க” என்று கெஞ்சினேன். என் போனில் இருந்ததையும் அழிக்கச் சொன்னேன், அழித்தீர்கள். மூன்று வருடம் ஓடிவிட்டது. மே ஒன்பதாம் தேதி வந்தால் அவளுக்கு ஒன்பது வயது ஆகியிருக்கும். அன்றைக்கு ஒரே ஒரு வீடியோவை மட்டும் பார்க்க வேண்டும், அவள் நாயைத் திட்டுவது. முகம் என் பர்ஸில் இருக்கிறது. குரல்தான் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, நேரியோ. பஸ்ஸில் எந்தக் குழந்தை பேசினாலும் இதுதானோ என்று தோன்றுகிறது.

யோலெய்தா


மெரிதா
2022 மார்ச் 6

யோலெய்தா,

தங்களுடைய அலுமினியத் தட்டு வந்து சேர்ந்தது. தம்பி அதைச் சோப்புத்தூள் பையில்தான் கொண்டுவந்தான், இன்னும் வாசனை போகவில்லை. பாலத்தில் நின்ற காவலாளி பையைத் தூக்கிப் பார்த்து, “என்னய்யா, சோப்பு இவ்வளவு கனமா இருக்கு?” என்றானாம். “ஈரமாயிடுச்சு சார்” என்று இவன் சொல்ல, அவனும் போ என்று விட்டுவிட்டான்.

சபதத்தை முறித்தாயிற்று. கேப்ஸ் லாக்கை மாற்றினேன், ஸ்க்ரோலைத் திருப்பினேன், ஹோம்ப்ரூ போட்டேன். இந்த மெஷினில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. எதையாவது கழற்றிப் பார்க்கலாம் என்றால் என் கருவிக்குப் பொருந்தும் திருகாணி ஒன்றைக் காணோம். என் பழைய லேப்டாப்பைக் கழுதை என்று கேலி செய்வீர்கள், அதன் வயிற்றை நானே எத்தனை தடவை திறந்து தைத்திருக்கிறேன். இதற்கு உடம்பு சரியில்லாமல் போனால் யாரிடம் போவது? மெரிதாவில் இதைத் தொட்டுப் பார்த்தவன் ஒருவன் இல்லை.

இங்கே மின்சாரம் காலை ஆறு முதல் பத்து வரை, பிறகு அதன் இஷ்டம். உங்கள் கம்பெனிக்காரனிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால் கழுதையை எயுதோரோவிடம் கொடுத்துவிட்டேன், அவென்யூவின் கடைசியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறாரே, அவரிடம். பதிலுக்கு ஒரு லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் தந்தார்.

“என்ன வயசு இதுக்கு?” என்றார்.

“பன்னெண்டு.”

“என் கடைசிப் பொண்ணைவிட மூத்தவ. சரி, வச்சுட்டுப் போங்க. உள்ளே ஒண்ணும் இல்லையே?”

“சுத்தமாத் துடைச்சாச்சு. மூணு தடவை.”

“மூணு தடவையா? கல்யாணத்துக்கா குளிப்பாட்டினீங்க?”

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மேசையைப் பார்த்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அரெலிஸைப் பேசவைத்து எடுத்ததையெல்லாம் அந்த மேசையில், அந்தக் கழுதையில்தான் உட்கார்ந்து சேர்த்தேன்.

கவலைப்படாதீர்கள். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மூட்டைப்பூச்சிகளையும் நீங்கள் சொன்னபடி அங்கேயே விட்டுவிட்டேன். பெட்டி முப்பத்தெட்டு ஜிகாபைட், பத்திரமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கேயும் எண்ணினேன், இங்கேயும் எண்ணினேன், ஒரு ஃபைல் குறையவில்லை. எண்ணி முடித்த பிறகுதான் கழுதையின் ஹார்டு டிஸ்கைத் துடைத்தேன்.

நானும் மூன்று வருடமாக அதைத் திறக்கவில்லை. உங்களுக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன். மே ஒன்பது, நாய் வீடியோ. அனுப்புகிறேன்.

நேரியோ


மொண்டெவிடியோ
2022 மார்ச் 19

நேரியோ,

உங்கள் கடிதத்தை ஆபீஸிலேயே படித்துச் சிரித்தேன். வாஷிங்டன் எட்டிப் பார்த்தார். இங்கே யாரும் யாரையும் ‘நீங்க’ என்பதில்லை, முதலாளியைக்கூட ‘நீ’தான்.

“கட்டின புருஷனையா ‘நீங்க’ங்கிறே? அப்ப வீட்டு நாயை என்ன சொல்லுவே?” என்றார்.

“மெரிதாவுல நாயையும் ‘நீங்க’ன்னுதான் சொல்லுவோம்” என்றேன். அவர் மதே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், புரை ஏறிவிட்டது.

சிரித்துவிட்டேனே தவிர, பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவளும் நம் நாய் கப்பித்தானை ‘நீங்க’ என்றுதானே சொல்வாள். அந்த வீடியோவிலேயே இருக்கிறது.

டெர்மினலில் உங்கள் பழைய கமாண்டுகள் சில ஓடாமல் முறைத்துக்கொள்ளும். பெயர் ஒன்றாக இருக்கும், வம்சம் வேறு. ஹோம்ப்ரூவில் லினக்ஸில் இருக்கும் க்னூ கருவிகளின் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு கை பழகியபடியே எழுதலாம். இன்னொன்று, ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி டைம் மெஷினை ஓடவிடுங்கள். மணிக்கு ஒரு தடவை தானாக நகல் எடுத்துவைக்கும். உங்களைப் போல எல்லாவற்றையும் ஒற்றைக் கட்டளையில் கையால் செய்கிறவர்களுக்குத்தான் இது அவசியம்.

கம்பெனியில் உங்கள் முதல் வார வேலையைப் பார்த்து எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். இங்கே கோடை முடிகிறது, நடைபாதையில் மர நிழல் நன்றாக இருக்கிறது. அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

முடிந்தால் அந்த வீடியோவை இப்போதே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்களேன். கடைசி நாளில் மின்சாரம் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது.

யோலெய்தா


மெரிதா
2022 மார்ச் 27

யோலெய்தா,

சுருக்கமாக எழுதுகிறேன், பேட்டரி தீரப்போகிறது. இந்த மேக்கில் மறைந்த ஃபைல்களைக் காட்டும் விசை எது? டெர்மினலில் பார்த்துவிட்டேன், இருந்தாலும் ஜன்னலிலும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பல்கலைக்கழகத்தில் ஒரு நண்பர் கேட்கிறார். மூன்று முறை மேலெழுதித் துடைத்த ஹார்டு டிஸ்கிலிருந்து ஏதாவது மீட்க முடியுமா? அங்கே ஆய்வுக்கூடங்கள் இருக்குமே. வாஷிங்டனைக் கேட்டுச் சொல்லுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. நாளைக்குள் தெரிந்தால் நல்லது.

நேரியோ


மொண்டெவிடியோ
2022 மார்ச் 28

நேரியோ,

கமாண்டு, ஷிஃப்ட், கூடவே முற்றுப்புள்ளி. மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், மறைந்ததெல்லாம் மங்கலாகத் தெரியும். திரும்ப அழுத்தினால் மறையும்.

உங்கள் நண்பரைப் பற்றி வாஷிங்டனிடம் கேட்டேன். ஒரு தடவை மேலெழுதினாலே போனது போனதுதானாம். “மூணு தடவையா? கடவுளே ஸ்க்ரூ டிரைவரோட வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஆளுக்கு என் அனுதாபத்தைச் சொல்லு” என்றார். சொல்லிவிட்டேன்.

வீடியோவைத் தனியே எடுத்துவிட்டீர்களா?

யோலெய்தா


மெரிதா
2022 ஏப்ரல் 21

யோலெய்தா,

பதில் தாமதம். வேலை அதிகம், மின்சாரம் குறைவு, இரண்டும் சேர்ந்தால் இங்கே ஒரு நாளுக்கு நான்கு மணி நேரம்தான்.

மேக் பழகிவிட்டது. நீங்கள் சொன்னது போக நானே சிலவற்றைக் கண்டுபிடித்தேன். நகலெடுத்ததையெல்லாம் வரிசையாக நினைவில் வைக்கும் சின்ன மென்பொருள் ஒன்று, பிரமாதம். தொடாமல் விட்டாலும் மெஷின் தூங்காமல் இருக்க ஒரு கமாண்டு இருக்கிறது, கஃபினேட் என்று பெயர், கூடவே வருகிறது. மின்சாரம் எவ்வளவு மிச்சம் என்பதை மேலே எண்ணாகக் காட்டவைத்தேன், எங்களுக்கு இங்கே அதுதான் சோறு. எழுத்துருவை மாற்றினேன். டெர்மினலின் பின்னணியைக் கழுதையில் இருந்த அதே பச்சைக்குக் கொண்டுவந்தேன். நிறத்தைச் சரியாகப் பிடிக்க ஒரு முழுக் காலை ஆயிற்று.

எயுதோரோ கடைக்கும் ஒரு நடை போனேன், சும்மாதான். கழுதையை ஒரு தடவை பார்க்கலாமா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வித்த மாட்டைப் பார்க்க வர்ற ஆளை இன்னைக்குத்தான் பார்க்குறேன். அது எஹிதோவுக்குப் போயிடுச்சு, ஒரு பேக்கரிக்காரர் கணக்கு எழுதணும்னு வாங்கிட்டாரு. விலாசம் வேணுமா?”

பக்கத்து ஊர்தானே என்று எஹிதோவுக்கும் போனேன். பேக்கரிக்காரர் நல்ல மனிதர். கோதுமை அரேப்பா ரொட்டி கொடுத்து உட்காரவைத்தார். என் பழைய ஹார்டு டிஸ்க் சத்தம் போடுகிறது என்று கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட்டிருக்கிறார். “எங்கே எறிஞ்சீங்க?” என்றேன். “குப்பை வண்டிக்காரன்கிட்ட கேளுங்க” என்றார். அரேப்பா சூடாக இருந்தது, சாப்பிட முடியவில்லை.

இணையம் மிகவும் மோசம். வீடியோ மாதிரிப் பெரிய ஃபைல்கள் எதுவும் போகாது போலிருக்கிறது. மே ஒன்பதுக்குள் சரியாகும் என்று சொல்ல முடியவில்லை.

நேரியோ


மொண்டெவிடியோ
2022 மே 10

நேரியோ,

நேற்று லீவு போட்டேன். ஒரு கேக் வாங்கினேன், சின்னதுதான். மேசையில் போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் வரும் என்று நினைத்தேன். அங்கே ஆறு மணிக்கு மின்சாரம் வரும், இங்கே அப்போது ஏழு என்று கணக்குப் போட்டேன். பத்து மணி ஆனது. மத்தியானம் வாஷிங்டன் கூப்பிட்டு, “வந்துச்சா?” என்றார். வரும் என்று சொன்னேன். சாயங்காலம் கேக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வரிகூட எழுத முடியவில்லையா? கம்பெனிக்கு நேற்றும் உங்கள் வேலை வந்திருக்கிறது, நான் பார்த்தேன். அதற்கு இணையம் இருந்திருக்கிறது.

எனக்குப் புரிகிறது. அவளை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள். நான் கிளம்பி வந்ததற்கு இது தண்டனை. அவள் படுத்திருக்கும் மலைச்சரிவைவிட்டு நகர மாட்டேன் என்று நீங்கள் அங்கேயே நின்றீர்கள். அந்த வீட்டில் இருந்தால் செத்துப்போவேன் என்று நான் வந்தேன். நின்றவருக்குத்தான் எல்லாம் சொந்தம், வந்தவளுக்கு ஒன்றும் இல்லை. அப்படித்தானே?

இங்கே எல்லாரும் எல்லாரையும் நீ என்கிறார்கள். நானும் இன்று சொல்லிப் பார்க்கிறேன். நீ அவளைப் பூட்டிவைத்திருக்கிறாய். சாவி உன்னிடம் இருக்கிறது. திற.

யோலெய்தா


மெரிதா
2022 மே 14

யோலெய்தா,

சாவி என்னிடம் இல்லை.

இதை எழுத ஏழு வாரம் ஆயிற்று. முதலிலிருந்து சொல்கிறேன். பெட்டியைத் திறக்க இரண்டு வேண்டும், பாஸ்வேர்டும் சாவி ஃபைலும். பாஸ்வேர்டு என் தலையில் இருக்கிறது, இப்போது கேட்டாலும் சொல்வேன். சாவி ஃபைல் கழுதையில், புள்ளியில் ஆரம்பிக்கும் ஒரு ஃபோல்டருக்குள் இருந்தது. எல்லாவற்றையும் நகலெடுக்க நான் எப்போதும் போல ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டேன். இந்தத் தொழிலில் அதற்கு ‘எல்லாம்’ என்று அர்த்தம், இருபது வருடமாகப் போடுகிறேன். ஆனால் புள்ளியில் ஆரம்பிக்கிற எதுவும் அந்த நட்சத்திரத்தின் கண்ணில் படாது. இது எனக்குத் தெரியாததா? மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். பிறகு எல்லாம் வந்துவிட்டதா என்று எண்ணினேன். எண்ணியதும் அதே நட்சத்திரத்தை வைத்துத்தான். விட்டதை அது எண்ணாது. அங்கேயும் இங்கேயும் எண்ணிக்கை ஒன்றாகவே வந்தது. நான் மனம் குளிர்ந்துபோய் டிஸ்கைத் துடைத்தேன்.

ஒரு தடவை துடைத்தாலே அழிந்திருக்கும். என் பிடிவாதம், மூன்று தடவை.

சாவியின் இன்னொரு நகல் பென் டிரைவில் இருந்தது. இரண்டு வருடம் முன்பு வயடக்ட் மேம்பாலத்தில் கத்தியைக் காட்டிப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அந்தப் பையில்தான் இருந்தது. இன்னொரு நகல் எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மார்ச் இருபத்தேழு காலை உங்கள் வீடியோவை எடுக்க உட்கார்ந்தபோது கண்டுபிடித்தேன். நண்பர் ஒருவர் கேட்கிறார் என்று எழுதினேனே, நண்பர் யாரும் இல்லை. கடவுள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தாலும் என்று நீங்கள் எழுதிய பிறகும் குப்பை வண்டிக்காரரைத் தேடிப் போனேன். அவர், “ஐயா, நீங்க சொல்றது மலை மாதிரி கிடக்கு, எந்தப் பக்கம் தோண்டுவீங்க?” என்றார். இரண்டு நாள் தோண்டினேன். கிடைத்திருந்தாலும் அதில் ஒன்றும் இருந்திருக்காது.

பெட்டி அப்படியே இருக்கிறது. அதில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. திறக்க வழி இல்லை, இனி வரவும் வராது. என் தவறு இது. என் அவசரம், என் பழக்கம். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. நீங்கள் என்னை இனி நீ என்றே எழுதலாம்.

நேரியோ


மொண்டெவிடியோ
2022 ஜூன் 2

நேரியோ,

இருபது நாள் உங்களை வெறுத்தேன். வாய்விட்டுத் திட்டினேன். வாஷிங்டன் வேலையை விட்டுவிட்டு என்னைக் கடற்கரைச் சாலையில் நடக்கக் கூட்டிப் போனார். “வேற வழியே இல்லையா?” என்று அவரை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் இல்லை என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

முந்தாநாள் நம் கடிதங்களை முதலிலிருந்து படித்தேன். உங்களை இன்னும் நன்றாகத் திட்ட ஏதாவது கிடைக்கும் என்றுதான் படித்தேன். பிப்ரவரி பதின்மூன்றில் என் கடிதம் இருக்கிறது. “புள்ளியில் ஆரம்பிக்கும் பெயருள்ள ஃபோல்டர்கள் எதையும் கொண்டுவராதீர்கள்.” கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று வேறு எழுதியிருக்கிறேன்.

நீங்கள் மறந்துபோய் நட்சத்திரத்தைப் போடவில்லை. நான் சொன்னதற்காகத்தான் போட்டீர்கள். என்னுடைய மூட்டைப்பூச்சிப் பேச்சைக் கேட்டு மற்றதையெல்லாம் விட்டீர்கள், அவற்றோடு அவள் சாவியும் நின்றுவிட்டது. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பெரிய கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னைக் காப்பாற்றியதாக நினைத்திருப்பீர்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை, கோபம்தான் வந்தது. அவள் போனபோதும் டாக்டர் சொன்னதையெல்லாம் என்னிடமிருந்து மறைத்து இப்படித்தான் காப்பாற்றினீர்கள். ஆள் ஆளுக்குத் தனியாக அழ வேண்டியதாயிற்று.

பெட்டியை அனுப்புங்கள். திறக்காது என்று தெரியும். துண்டு துண்டாக வெட்டி, மின்சாரம் இருக்கும்போது ஒவ்வொன்றாக அனுப்புங்கள், எத்தனை மாதம் ஆனாலும் சரி. அவள் இருக்கிற ஒன்று என்னிடமும் இருக்க வேண்டும்.

அந்த வீடியோவை நினைவிலிருந்து எழுதிவைக்கப் பார்த்தேன். கப்பித்தான் அவள் அரேப்பாவைத் தின்றுவிட்டான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். “உங்களுக்கு வெக்கமா இல்லையா கப்பித்தான்? வீட்டுக்குப் பெரியவர் நீங்க. நீங்களே திருடினா நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?” பிறகு உங்களைத் திரும்பிப் பார்த்து, “அப்பா, நிறுத்துங்க, இது குடும்ப விஷயம்” என்கிறாள். நீங்கள் சிரிக்கிறீர்கள், படம் ஆடுகிறது.

சரிதானே? கப்பித்தான் கட்டிலுக்கு அடியில் இருந்தானா, கதவுப் பக்கம் இருந்தானா? உங்களுக்கு என்ன நினைவிருக்கிறதோ எழுதுங்கள். இரண்டையும் சேர்த்தால் முழுதாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

யோலெய்தா


மெரிதா
2022 செப்டம்பர் 4

யோலெய்தா,

கடைசித் துண்டு இன்று காலை எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. மொத்தம் முன்னூற்று எண்பது துண்டு. எண் வரிசைப்படி சேருங்கள். சேர்த்த பிறகு சரிபார்க்கும் எண்ணைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். பொருந்தினால் என்னிடம் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒன்றுதான். பொருந்தும்.

டாக்டர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

கம்பெனியில் விசாவுக்கு எழுதலாமா என்று போன வாரம் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அவர்கள் மூலமாகத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது முறை. காரணம் மலைச்சரிவு இல்லை. உங்கள் மேல் கோபமும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு நினைவிருந்தது வேறு. அவள் நாயைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், அது முன்னால். என் நினைவில் இருந்த வீடியோவில் கப்பித்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காதைத் தூக்கி, அதற்குள் மெல்லப் பேசினாள். “அழாதீங்க. அம்மாகிட்ட நான்தான் தின்னேன்னு சொல்லிடறேன்.” மூன்று வருடமாக நான் வைத்திருந்தது அதுதான். அதைத் திறந்து பார்க்கவே தேவை இருக்கவில்லை, அவ்வளவு தெளிவாக இருந்தது.

உங்களுக்கு எழுதுவதற்கு முன் ஒரு தடவை உங்களுடையதைத் திரும்பப் படித்தேன். இடுப்பில் கை, வீட்டுக்குப் பெரியவர், குடும்ப விஷயம். நன்றாக எழுதியிருந்தீர்கள். பிறகு கண்ணை மூடினால் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நிற்கிறாள். நாய் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. என்னுடையதைக் கொண்டுவரப் பார்க்கிறேன், அந்தக் காதுக்குள் பேசுவதை. வார்த்தை வருகிறது, அவள் வரவில்லை. அந்தக் குரல் இப்போது உங்கள் எழுத்தில் இருப்பதைத்தான் பேசுகிறது. அப்படி ஒன்று நடந்ததா, இல்லை நானாகக் கட்டிக்கொண்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. போய்ச் சரிபார்க்க இடமும் இல்லை. மூன்று மாதம் காத்திருந்து பார்த்தேன். திரும்பவில்லை.

இதை எழுதியதால் உங்களுடையதும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதாமல் மறைத்தால் மறுபடியும் காப்பாற்றுவதாகச் சொல்வீர்கள். அதனால் எழுதினேன்.

நாம் ஒரே வீட்டில் இருந்தால் அவளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அதனால்தான் வரவில்லை. வேலை பற்றி எழுதுங்கள், பதில் எழுதுகிறேன். புது மென்பொருள் ஏதாவது கண்ணில் பட்டால் எழுதுங்கள், போட்டுப் பார்க்கிறேன். என்னிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, குளிக்க மாட்டேன் என்று அவள் ஓடியது, பல் விழுந்த நாள், ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம். என்ன நடந்தது என்று இதற்கு மேல் சொல்ல மாட்டேன். நீங்களும் உங்களுடையதைச் சொல்லாதீர்கள். அவளைப் பற்றி மட்டும் இனி எனக்கு எழுதாதீர்கள்.

நேரியோ